நிலநடுக்கத் திரளும் பினாங்கின் நான்கு மணி நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட கடலடி அதிரும் ஒவ்வொரு முறையும் நம் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்திகள் இரண்டே தலைப்புகளுக்குள் அடங்கிவிடுவதை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். முதல் நாள் 'மீண்டும் சுனாமி அபாயமா?' என்று வரும். மறுநாள் 'அச்சப்படத் தேவையில்லை' என்று வரும். இவ்விரண்டுக்கும் நடுவே வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய உள்ளன என்பதும், அவற்றைச் சொல்லாமல் விடுவதால் பினாங்குக் கடலோரத்தில் வாழும் எங்களுக்கு உண்மையாகவே தீங்கு நேர்கிறது என்பதும் என் கருத்து. அதை விளக்கவே இக்கடிதம்.

2025 ஜூன் மாத இறுதியில் நிக்கோபார் கடலில் பல நாள்கள் தொடர்ந்து சிறிதும் நடுத்தரமுமான நிலநடுக்கங்கள் பதிவாயின. அதே நாள்களில் ஜப்பானின் தென்மேற்கே டொகாரா தீவுகளிலும் தரை ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. தஞ்சோங் தோக்கோங்கில் நான் செயலாளராக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து, 'ஜப்பானில் தொடங்கிவிட்டது, இன்றிரவு இரண்டு மணிக்குப் பினாங்குக்கு வரும்' என்று அடித்துச் சொல்லும் குரல் பதிவு ஒன்று பரவியது. இரவு ஒரு மணிக்குக் காவலர் என்னை எழுப்பினார். இறங்கிப் போய்ப் பார்த்தால், பதினான்காவது மாடியில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர், அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் நெகிழிப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார். கடல் வந்துவிடும் என்று அஞ்சியவர், பதினான்காவது மாடியை விட்டுக் கடல் மட்டத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். "மேலேயே இருந்தா கட்டடம் விழுந்திடாதா தம்பி?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலநடுக்கத்துக்கு என்ன செய்வது, ஆழிப்பேரலைக்கு என்ன செய்வது என்ற இரண்டு பாடங்களும் அவரிடம் ஒன்றாகக் கலந்துபோய்ச் சேர்ந்திருக்கின்றன. அதற்கு அவர் பொறுப்பல்லர்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பகுதியில் சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கில் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தால், நம் செய்திகள் அவை அனைத்தையும் 'பின்னதிர்வுகள்' என்று எழுதிவிடுகின்றன. பின்னதிர்வு என்றால் அதற்கு முன்னே ஒரு முதன்மை அதிர்வு இருந்திருக்க வேண்டும். பெரியது ஒன்று வந்து, அதன்பின் சிறியவை தொடர்ந்து, நாள் செல்லச் செல்ல ஓர் ஒழுங்கான விகிதத்தில் அவை குறைந்துகொண்டே போகும். ஜப்பானிய அறிஞர் ஒமோரி 1894-ஆம் ஆண்டிலேயே இந்த ஒழுங்கைக் கணக்கிட்டுக் காட்டினார். நிலநடுக்கத் திரள் என்பது வேறு. அதற்குத் தலைவன் கிடையாது. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசலில் எது முதலில் வந்தது, எது பெரிது என்று சொல்ல முடியாததுபோல, ஏறத்தாழ ஒத்த அளவுடைய அதிர்வுகள் கூடியும் குறைந்தும் மறுபடி கூடியும் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அடங்கிவிட்டதுபோலத் தோன்றி மறுநாள் இருமடங்காகும். 'திரள்' என்ற இந்தச் சொல்லை உங்கள் நாளிதழ் வழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னதிர்வு என்று படிக்கும் வாசகர், பெரியது முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார். அல்லது, பெரியது எங்கே என்று தேடிக் கலங்குகிறார். திரள் என்று படித்தால், அங்கே கடலடியில் எது நகர்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அதற்கான விடை நம் மேற்குக் கடலின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் சுமந்து நிற்கும் புவித்தட்டு, சுமத்ராவுக்கு அப்பால் உள்ள சுண்டா அகழியில் வளைந்து, நாம் குடியிருக்கும் சுண்டா தட்டின் அடியில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வீதம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. இந்த அமிழ்வு நேராக நிகழ்வதில்லை, சாய்வாக நிகழ்கிறது. வடக்கே நிக்கோபார், அந்தமான் பக்கம் போகப் போக அந்தச் சாய்வும் கூடுகிறது. எனவே அதன் விசை இரண்டாகப் பிரிகிறது. அகழியின் குறுக்கே அழுத்தும் பங்கு, இரு தட்டுகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும் பரப்பில் பல நூற்றாண்டுகளாகத் தேங்கி நிற்கிறது; 2004-இல் அவிழ்ந்தது அதுதான். அகழியின் நீளவாக்கில் இழுத்துச் செல்லும் பங்கோ, சுமத்ராத் தீவின் ஊடே 1,900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் நிலப்பிளவிலும், அதற்கு வடக்கே அந்தமான் கடலடியிலும் செலவாகிறது. அந்தமான் கடல், இழுபட்டு விரிந்துகொண்டிருக்கும் கடல். ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகளாக அதன் நடுவே புதிய கடல்தரை உண்டாகி வருகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆழத்தில் அமிழும் தட்டிலிருந்து கசியும் நீர், மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுவதால் பாறைக்குழம்பு உண்டாகிறது. அகழிக்கு இணையாக எரிமலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். அந்தமானுக்குக் கிழக்கே உள்ள பாரன் தீவு எரிமலை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1991-இல் விழித்துக்கொண்டது. பாறைக்குழம்போ, ஆழத்தில் அழுத்தத்துக்குள் சிக்கிய வெந்நீரோ பிளவுகளுக்குள் வழி தேடிப் புகும்போது, பாறை ஒரேயடியாக உடையாமல் துண்டு துண்டாக உடைகிறது. கடலடித் திரள்கள் பல இப்படித்தான் பிறக்கின்றன. வேறு சில, தட்டுகள் நாள்கணக்கில் ஓசையின்றி மெதுவாக வழுக்குவதால் பிறக்கின்றன. ஜப்பானின் போசோ தீபகற்பத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு நேர்வதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

உலகம் கண்ட மிகப் பெரிய திரள்களில் ஒன்று நம் வாசலிலேயே நடந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 2005 ஜனவரி 27 முதல் 30 வரை, நான்கே நாள்களில், நிக்கோபாரை ஒட்டிய அந்தமான் கடலடியில் 5-உம் அதற்கு மேலும் அளவுள்ள நிலநடுக்கங்கள் 150-க்கும் அதிகமாகப் பதிவாயின. அதுவரை கருவிகளில் பதிவான திரள்களில் ஆற்றல் மிகுந்தது அதுவே என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆழிப்பேரலை அடித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நானும் அவற்றைப் பின்னதிர்வுகள் என்றே நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்திக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது: அவை அகழியோரத்தில் உடைந்த அந்தப் பரப்பில் நிகழ்ந்தவை அல்ல. அங்கே நேர்ந்த பேருடைப்பு பக்கத்திலிருந்த எல்லையைத் தளர்த்திவிட, அந்தமான் கடலின் விரியும் எல்லை பக்கவாட்டில் நழுவியும் வாய் பிளந்தும் கொடுத்திருக்கிறது. திரள் அடங்கியது, கடல் பொங்கவில்லை.

இங்கே, ஆறுதல் சொல்வோர் வழக்கமாகச் சொல்லும் ஒரு கூற்றை மறுத்தாக வேண்டும். 'சிறிது சிறிதாக வெளியேறிவிடுவது நல்லதுதான். இனிப் பெரியது வராது' என்பார்கள். கேட்க இதமாக இருக்கிறது, கணக்குக்கு ஒத்துவரவில்லை. நிலநடுக்க அளவு ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். இரண்டு படி கூடினால் 1,000 மடங்கு. 5-லிருந்து 9-க்கு நான்கு படிகள். எனவே 9 அளவுள்ள ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றலை ஈடுகட்ட 5 அளவுள்ளவை பத்து லட்சம் வேண்டும். நாளொன்றுக்கு நூறு வீதம் இடைவிடாமல் வந்தாலும் 27 ஆண்டுகள் பிடிக்கும். 150 நிலநடுக்கங்கள் அந்தக் கடனில் வட்டியைக்கூட அடைக்காது.

இந்த இதமான கூற்று ஒருமுறை உயிர்களையே பலிவாங்கியதாகக் கருதப்பட்டு வழக்கு மன்றம் வரை போனது. அமிழ்வு மண்டலத்தில் நடந்ததன்று என்றாலும், திரளைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. இத்தாலியின் லாக்குயிலா நகரில் 2009-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து மாதக்கணக்கில் சிற்றதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. மார்ச் 31 அன்று அறிவியலாளர்கள் கூடி ஆராய்ந்தார்கள். ஆற்றல் இப்படித் தொடர்ந்து வெளியேறுவது சாதகமானதே என்ற பொருளில் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் பேசினார். ஏப்ரல் 6 விடியற்காலை 6.3 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிற்றதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுப்பதை வழக்கமாக வைத்திருந்த சிலர், அந்தப் பேச்சை நம்பி அன்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டதாக உறவினர்கள் முறையிட்டார்கள். 2012-இல் எழுவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் அறுவர் விடுதலையாகி, அந்த அதிகாரியின் தண்டனை மட்டும் குறைக்கப்பட்ட அளவில் நிலைத்தது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காகத் தண்டித்தார்கள் என்று இதை நம் ஊரில் சிலர் இன்றும் கேலியாகப் பேசுகிறார்கள். அது சரியன்று. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி மக்களை அமைதிப்படுத்தியதே அங்கே கேள்விக்குள்ளானது. 'அச்சப்படத் தேவையில்லை' என்று மொட்டையாகத் தலைப்பிடும் துணையாசிரியர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம் சாய்ந்து, திரள் வந்தாலே பேரழிவுக்குக் கட்டியம் என்று எழுதுவதும் அதே அளவு தவறு. ஜப்பானின் மட்சுஷிரோவில் 1965 முதல் 1967 வரை 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. மக்கள் உணர்ந்தவையே 60,000-க்கு மேல். ஊற்றுகள் பெருகின, மண் சரிந்தது, அதோடு அடங்கிவிட்டது. 2025 தொடக்கத்தில் கிரேக்கத்தின் சாண்டொரினித் தீவை விட்டு 11,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள்; கடலடியில் பாறைக்குழம்பு புகுந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது; எரிமலையும் வெடிக்கவில்லை, பெரிய அதிர்வும் வரவில்லை. நான் மேலே சொன்ன டொகாராவில், நூறு பேர்கூட வசிக்காத அகுசெகித் தீவிலிருந்து மக்கள் சிலரைக் கப்பலில் அழைத்துச் சென்றார்கள். அங்கேயும் பேரழிவு நேரவில்லை. அந்நாள்களில் ஏதோ ஒரு சித்திரக்கதையின் ஆரூடத்தை நம்பி ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் செல்லவிருந்த பயணங்கள் குறைந்து, விமானச் சேவைகளே குறைக்கப்பட்டதும் வேடிக்கை. ஜூலை 5 வந்தது, போனது. எங்கள் புலனக் குழுவின் குரல் பதிவுக்கு வித்தும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆனால் சிலியின் இக்கீக்கே கடலோரத்தில் 2014 மார்ச் 16 அன்று 6.7 அளவுள்ள நிலநடுக்கத்தோடு தீவிரமடைந்த ஒரு திரள், இரண்டு வாரம் நீடித்து, ஏப்ரல் 1 அன்று 8.2 அளவுள்ள பெருநடுக்கத்தில் போய் முடிந்தது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் வந்த 7.3 அளவுள்ள அதிர்வை அன்று யாரும் முன்னதிர்வு என்று அழைக்கவில்லை. மார்ச் 11-க்குப் பிறகே அதற்கு அந்தப் பெயர் வந்தது. முன்னதிர்வு என்பது, பின்னால் வருவதைப் பார்த்துவிட்டுச் சூட்டும் பெயர். உலக அளவில், ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூன்று நாள்களுக்குள் அதே இடத்துக்கருகே அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறை ஒட்டியது என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அதாவது, நூற்றில் தொண்ணூற்று நான்கு முறை எதுவும் வராது. ஆறு முறை வரலாம். இதை இப்படியே அச்சிட்டால் வாசகர் புரிந்துகொள்ள மாட்டார் என்று நினைப்பது வாசகரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். நான்கு இலக்க லாட்டரி எண்ணுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் வாய்ப்புக் கணக்குப் போடத் தெரிந்த ஊர் இது.

இனி, எங்கே நிகழ்கிறது என்பது. செய்திகளில் 'சுமத்ரா அருகே' என்ற இரண்டு சொற்களோடு இது முடிந்துவிடுகிறது. அகழி ஒரே அகழிதான். ஆனால் பினாங்குக்கு அதன் எல்லாப் பகுதியும் ஒன்றன்று. தெற்கே, சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாடாங்குக்கு எதிரே மெந்தாவாய்த் தீவுகளின் அடியில் தட்டுகள் பூட்டிக் கிடக்கும் பகுதியைப் பற்றி, 1797-இலும் 1833-இலும் அங்கே நேர்ந்த பெருநடுக்கங்களைப் பவளப் பாறைகளின் வளர்ச்சி வரைகளிலிருந்து படித்தறிந்த ஆய்வாளர்கள் நெடுநாளாக எச்சரித்து வருகிறார்கள். அது பாடாங்குக்கு உண்மையான ஆபத்து. அங்கிருந்து எழும் அலைக்கும் நமக்கும் நடுவிலோ சுமத்ராத் தீவு முழுவதும் மதிலாகக் கிடக்கிறது. 2005 மார்ச் 28 அன்று நியாஸ் தீவருகே 8.6, 2007 செப்டம்பர் 12 அன்று பெங்குலுவில் 8.4, 2010 அக்டோபர் 25 அன்று மெந்தாவாயில் 7.8 எனப் பெருநடுக்கங்கள் வந்தும், மெந்தாவாயில் 400-க்கும் மேற்பட்டோர் அலைக்குப் பலியாகியும், பினாங்குக் கரை தப்பியது. நமக்குக் கதவு திறந்திருப்பது வடமேற்கே, சுமத்ராவின் வடமுனையான ஆச்சேக்கும் நிக்கோபாருக்கும் இடையில். ஆகவே ஒரு திரள் அந்தப் பகுதியில், அகழியோரத்துப் பூட்டிய பரப்பில் நிகழ்கிறதா, அல்லது அதற்குக் கிழக்கே அந்தமான் கடலின் விரியும் எல்லையில் நிகழ்கிறதா என்பதே பினாங்குக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

நகரும் விதமும் முக்கியம். 2012 ஏப்ரல் 11 அன்று ஆச்சேக்கு மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கமும், இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவுள்ள மற்றொன்றும் வந்தன. நம் வடகடலோர மாநிலங்களுக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கடல் பெரிதாக எழவில்லை. ஏனெனில் அங்கே பாறை பக்கவாட்டில் நழுவியதே தவிர, கடல்தரை மேலெழவில்லை. அன்று வெளியேறியவர்களில் பலர் 'வீண் அலைச்சல்' என்று திட்டியது என் காதில் விழுந்தது. அலைச்சல் வீணன்று, 8.6 என்று மட்டும் தெரிந்திருந்த முதல் சில நிமிடங்களில் வேறெதுவும் செய்திருக்க முடியாது.

நான் சொல்ல வந்ததன் மையம் இனித்தான் வருகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 8.58 மணிக்கு, நம்மிடமிருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், கடலடி உடையத் தொடங்கியது. வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்தது. எங்கள் வீட்டில் மின்விசிறி ஊசலாடியது. எல்லாரும் கீழே இறங்கினோம், அரைமணி நேரம் பேசிக்கொண்டு நின்றோம், 'ஒன்றுமில்லை' என்று மேலே போய்ப் பசியாறினோம். விடுமுறை நாள் ஆதலால், அதன்பின் எங்கள் மாடியிலேயே இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து ஃபிரிங்கி பக்கம் கடற்கரைக்குக் கிளம்பின. பகல் ஒன்றேகால் மணியளவில் அலை வந்தது. அந்த இரண்டு குடும்பங்களும் தப்பின. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். அவர்களில் 52 பேர் பினாங்கில். பாதிப்பேருக்கும் மேல் அன்று காலை அந்த அதிர்வை உணர்ந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது இன்றும் தூக்கம் வருவதில்லை.

நான்கு மணி நேரத்துக்கும் மேல் நமக்கு இருந்தது. ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்தை அலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் எட்டிவிட்டது. கூப்பிடு தூரத்திலுள்ள பினாங்குக்கு வர அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. காரணம் கடலின் ஆழம். ஆழிப்பேரலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 3,000 மீட்டர் ஆழமுள்ள வங்கக் கடலில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பாயும் அலை, 60 மீட்டர் ஆழமே உள்ள மலாக்கா நீரிணைக்குள் நுழைந்ததும் 90 கிலோமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மார் ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் கடந்து வந்த கடலை அலை ஒரு காலைப் பொழுதுக்குள் கடந்துவிட்டது; பினாங்கை நோக்கிய சிறு தூரத்தில்தான் தயங்கியது. அந்தத் தயக்கமே பினாங்குக்குக் கிடைத்த அவகாசம். ஆச்சேயில் அது கிடைக்கவில்லை. அகழிக்கு மிக அருகிலிருந்த சிமெலுவே தீவில் சில நிமிடங்களே இருந்தன; ஆயினும் ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேரே மாண்டார்கள். 1907-ஆம் ஆண்டு அலையைக் கண்ட முன்னோர் 'ஸ்மோங்' என்ற ஒற்றைச் சொல்லைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை பலமாக அதிர்ந்தால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு என்பது அதன் பொருள். அன்று நமக்கு அப்படி ஒரு சொல்லும் இல்லை, எச்சரிக்கை அமைப்பும் இல்லை.

இப்போது அமைப்பு இருக்கிறது. ஹைதராபாத்திலும் ஜாகர்த்தாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள மையங்கள் 2011 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு ஆழிப்பேரலை அறிவிப்புகளை வழங்கி வருகின்றன. நம் வானிலை ஆய்வுத் துறை அவற்றைப் பெறுவதோடு தானும் கணித்து எச்சரிக்கை விடுக்கிறது. கடலோரத்தில் அபாயச் சங்குகள் நிற்கின்றன. ஆனால் சங்கு ஊதினால் மக்கள் எழுந்து நடக்க வேண்டும். பொய்க் குரல் பதிவுகளுக்காக நான்கு இரவுகள் தூக்கம் கெட்டவர், ஐந்தாவது முறை உண்மைச் சங்குக்கு எழுந்து வருவாரா என்பதே என் கவலை. திரள் வரும் ஒவ்வொரு முறையும் வீண் அச்சத்துக்கு நாம் செலவழிப்பது அந்த நான்கு மணி நேரத்துக்கான நம்பிக்கையை.

ஆகவே உங்கள் நாளிதழிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதொன்றுமில்லை. அந்தமான் கடலில் அடுத்த திரள் வரும்போது, கட்டாயம் வரும், செய்தியோடு கையகல வரைபடம் ஒன்றை அச்சிடுங்கள்: அகழி எங்கே, அந்தமான் கடலின் விரியும் எல்லை எங்கே, பினாங்கு எங்கே, இப்போதைய அதிர்வுகள் எங்கே. அவற்றுள் மிகப் பெரியதன் அளவையும் ஆழத்தையும் சொல்லுங்கள். பொதுவாக 7-க்குக் கீழ்ப்பட்டவை தொலைதூரக் கரைகளுக்குத் தீங்கு செய்யும் அலையை எழுப்புவது அரிது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ரிக்டர் அளவுகோலில்' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ரிக்டர் 1935-இல் கலிபோர்னியாவுக்காக வகுத்த அந்த அளவு பெருநடுக்கங்களுக்குப் பொருந்தாமல்போய், அறிவியலாளர்கள் 1979-க்குப் பிறகு வேறோர் அளவுக்கு மாறிவிட்டார்கள். 'அளவு 6.1' என்று எழுதினாலே போதும். நாள், மணி குறித்து யார் ஆரூடம் சொன்னாலும், அவர் பேராசிரியர் என்றே போட்டுக்கொண்டாலும், அச்சிடாதீர்கள்; அப்படிச் சொல்லும் ஆற்றல் இன்று உலகில் எவருக்கும் இல்லை. புக்கிட் திங்கியில் 2007 இறுதியிலிருந்தும், சிகாமட்டில் 2025 ஆகஸ்டிலும் வந்த சிற்றதிர்வுகள் தீபகற்பத்தின் பழைய நிலப்பிளவுகளில் பிறந்தவை. அவற்றையும் நிக்கோபார் திரளையும் ஒரே செய்திக்குள் போட்டு, 'மலேசியாவை நெருங்குகிறது' என்று கோப்பதும் வேண்டாம்.

மிக முக்கியமாக, இரண்டு பாடங்களையும் தனித்தனியாக அச்சிடுங்கள். கட்டடம் ஆடும்போது மேசைக்கடியில் ஒதுங்க வேண்டும், மின்தூக்கியைத் தொடக் கூடாது, ஆட்டம் நின்றபின் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். கடல் எச்சரிக்கை என்றாலோ கரையை விட்டு உள்ளே போக வேண்டும், அதற்கு வழியில்லாவிட்டால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல் ஏற வேண்டும், முதல் அலை போய்விட்டது என்று இறங்கிவிடக் கூடாது. அடுத்தடுத்த அலைகள் பத்து நிமிடம் கழித்தும் வரும், ஒரு மணி நேரம் கழித்தும் வரும், அவை முதல் அலையைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். 2004-இல் நம் பக்கத்துக் கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது. நாகப்பட்டினத்துப் பக்கம் அலைமுகடே முதலில் வந்தது. துள்ளும் மீனைப் பொறுக்க ஓடியவர்களின் கதை நமக்குத் தெரியும்.

அந்த மூதாட்டியின் கேள்விக்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து வரும் நிலநடுக்க அலைகளில் மெதுவாக அசைபவையே நெடுந்தூரம் தாங்கும். உயரமான கட்டடங்களைத்தான் அவை ஆட்டும். ஆகவே பதினான்காவது மாடியில் அவர் உணர்வதைத் தரைத்தளத்துக் காவலர் உணராமல் போவது இயல்பு. சுமத்ராவின் எந்த அதிர்வாலும் இதுவரை பினாங்கில் அடுக்குமாடிக் கட்டடம் விழுந்ததில்லை. ஆனால் 2025 மார்ச் 28 அன்று மியன்மாரில் வந்த 7.7 அளவுள்ள நிலநடுக்கத்தில், 1,000 கிலோமீட்டருக்கு அப்பால், மென்மண்மீது அமைந்த பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்று சரிந்ததை எல்லாரும் படத்தில் பார்த்துவிட்டோம். எனவே விழவே விழாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கட்டடம் இப்போது ஆடவில்லை, கடலுக்குப் பயந்தால் உங்கள் வீட்டைவிடப் பத்திரமான இடம் இந்தத் தெருவிலேயே இல்லை என்று சொல்லி, மேலே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் ஒரு தாளை ஒட்டினோம். அதில் இரண்டே வரி: 'ஆடி நின்றபின் கீழே. கடல் என்றால் மேலே.'

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் மட்சுஷிரோவையும் சாண்டொரினியையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். ரிக்டரைப் பற்றிய என் முணுமுணுப்பும் போனால் போகட்டும். நான்கு மணி நேரத்தைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சோங் தோக்கோங், பினாங்கு